பீட் மேயும் பசுவுக்குத் தாது உப்பு

பாவு நீட்டிய தெருவோரத்தில் கட்டியிருக்கும் பசு, சில வேளைகளில் தறிநூலையும் கந்தல் துணியையும் வாயிலிட்டு மெல்லுவதை நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். கஞ்சியின் ருசிக்காக மெல்லுகிறது என்று எண்ணி விரட்டிவிடுவது வழக்கம். எப்போதோ ஒரு முறை அவ்வாறு மெல்லுவதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் வயிறார உண்ட பசு நாள்தோறும் மண்ணையும் எலும்பையும் கந்தலையும் தேடிச் சென்று மெல்லுமானால் அது துஷ்டத்தனம் அன்று. குடற்புழு அதற்கு ஒரு காரணமாகலாம்; தன் ஆகாரத்தில் கிடைக்காத தாது உப்பு ஒன்றை அது நாடுவதும் காரணமாகலாம். வயிறு நிறைவது வேறு. உடலின் தேவை நிறைவது வேறு.

இவ்வேறுபாட்டை எவரும் எளிதில் உணரும்படி விளக்கும் உதாரணம் ஒன்று நியூஸிலாந்து நாட்டிலிருந்து கிடைக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பசுக்கள் தீவன பீட் என்னும் கிழங்கை வயலிலேயே மேய்கின்றன. சத்து மிகுந்த அக்கிழங்கை வேண்டிய அளவு உண்டும், சில மந்தைகளில் பசுக்கள் கன்று ஈன்றபின் எழுந்திருக்க இயலாமல் படுத்துவிடுகின்றன. அது ஏன் நிகழ்கிறது, அதற்கு என்ன பரிகாரம் செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயலுகிறோம்.

குளிர்காலத்துத் தீவனம்

நியூஸிலாந்து கூட்டுறவுக்கும் பாலுக்கும் பேர்பெற்ற நாடு. 1871-ஆம் ஆண்டிலேயே அங்கு ஒட்டாகோ தீபகற்பத்தில் விவசாயிகள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் பாற்கட்டித் தொழிற்சாலை அமைத்தார்கள். 2001-இல் பெரிய பால் சங்கங்கள் இரண்டும் பால் வாரியமும் இணைந்து, விவசாயிகளுக்கே சொந்தமான ஃபான்டெரா என்னும் பெருஞ்சங்கம் உருவாயிற்று. அந்நாட்டுப் பசுக்கள் பெரும்பாலும் கொட்டிலில் வளர்வதில்லை. ஆண்டு முழுவதும் புல்வெளியிலேயே மேய்கின்றன.

தென் தீவிலுள்ள கான்டர்பரி, ஒட்டாகோ, சவுத்லாந்து ஆகிய பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடுங்குளிர். அம்மாதங்களில் புல் அநேகமாக வளராது. ஆகவே மே மாத முடிவில் பசுக்களைப் பால் வற்றச் செய்துவிடுகிறார்கள். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அவை கன்று ஈனும். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்குச் சினைப் பசுக்களைக் காப்பாற்றுவதற்கென்றே தனிப் பயிர் செய்யவேண்டும். முன்னர் கேல் என்னும் கீரையினத்தையும் டர்னிப் கிழங்கையும் பயிரிட்டு வந்தார்கள். 2006-க்குப் பின் பத்தாண்டுகளுக்குள் தீவன பீட் வேகமாகப் பரவிப் பல்லாயிரம் ஹெக்டேரில் பயிராயிற்று.

தீவன பீட் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் கறி சமைக்கும் பீட்ரூட்டும், ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கும் பீட்டும், இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பீட் கிழங்கில் கரும்பில் உள்ளது போன்ற சர்க்கரையே இருக்கிறது என்பதை 1747-இல் பெர்லினில் மார்கிராஃப் என்னும் ரசாயன அறிஞர் கண்டறிந்தார். அச்சர்க்கரைதான் தீவன பீட்டின் பெருமை. அதுவே அதன் ஆபத்தும் ஆகும்.

அக்டோபர், நவம்பரில் விதைத்தால் குளிர்காலத்துக்குள் ஏக்கருக்கு உலர்ந்த பொருள் கணக்கில் எட்டு முதல் பன்னிரண்டு டன் வரை விளைகிறது. கிழங்கின் பெரும்பகுதி தரைக்கு மேலே நிற்பதால் தோண்டவேண்டியதில்லை. மின்வேலியைத் தினந்தோறும் சிறிது தூரம் நகர்த்தினால், பசுக்கள் வரிசையாக நின்று அன்றைய பங்கை உண்டுவிடும். கூலி குறைவு, விளைச்சல் அதிகம். குடியானவர் மனம் இதில் சென்றது வியப்பன்று.

கிழங்கில் இருப்பதும் இல்லாததும்

கிழங்கில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். எஞ்சிய உலர்ந்த பொருளில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஆகையால் உடலுக்கு வேண்டிய சக்தி அதில் நிறைந்திருக்கிறது. ஆனால் புரதம் குறைவு, நார் குறைவு, சுண்ணாம்புச் சத்து குறைவு, எல்லாவற்றினும் முக்கியமாகப் பாஸ்பரம் மிகக் குறைவு. பயிருக்கு இடும் உரத்தில் மணிச்சத்து என்று நாம் வழங்குவதுதான் இந்தப் பாஸ்பரம். கிழங்கின் உலர்ந்த பொருளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு 0.2 பங்குக்கும் கீழே நிற்கிறது.

இலையின் நிலை வேறு. இலையில் புரதமும் சுண்ணாம்பும் அதிகம். ஆயினும் ஆக்ஸாலிக் அமிலமும் அதில் இருக்கிறது. அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுவதால், இலையில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் பசுவின் ரத்தத்தில் சேர்வதில்லை. மேலும் உறைபனியாலும் நோயாலும் குளிர்கால முடிவுக்குள் இலை உதிர்ந்து குறைந்துவிடுவதுண்டு. கன்று ஈனும் காலம் நெருங்க நெருங்கப் பசுவுக்குக் கிடைப்பது வெறுங் கிழங்காகவே ஆகிவிடுகிறது. தேவை ஏறும் சமயத்தில் வரவு இறங்குகிறது. சங்கடம் இங்கேதான் பிறக்கிறது.

பாஸ்பரம் செய்யும் வேலை

பசுவின் உடலில் உள்ள பாஸ்பரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு எலும்பிலும் பல்லிலும் சுண்ணாம்போடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. மீதிப் பங்கு சிறிதாயினும் அதன் வேலை பெரிது. தசை சுருங்கி விரிவதற்கு வேண்டிய சக்தியை அணுவறைகளில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது பாஸ்பரச் சேர்க்கையே. பசுவின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கச் செய்யும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கும் அது தேவை. இதற்காகவே பசு தன் உமிழ்நீரின் வழியாகப் பாஸ்பரத்தைத் திரும்பத் திரும்பப் பெருவயிற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாஸ்பரம் குறைந்தால் முதலில் பசி மந்தப்படும், பிறகு மெலிவு, பிறகு சினை தரிப்பதில் தடை, பால் குறைவு, எலும்பு நலிவு.

கன்று ஈன்றவுடன் இக்குறை திடீரெனப் பெரிதாகிறது. ஒரு லிட்டர் பாலில் சுமார் 0.9 கிராம் பாஸ்பரமும் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும் வெளியேறுகின்றன. பத்து லிட்டர் கறக்கும் பசு நாளொன்றுக்கு ஒன்பது கிராம் பாஸ்பரத்தை இழக்கிறது. குளிர்காலம் முழுவதும் கையிருப்பைக் கரைத்து வந்த பசு இந்தச் செலவைத் தாங்குவதில்லை. கன்று ஈன்ற ஓரிரு தினங்களில் படுத்துவிடுகிறது. பால் ஜுரம் என்று கருதிச் சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். பசு தலை நிமிர்ந்து பார்க்கிறது. தீனி கூடத் தின்கிறது. ஆனால் எழ முடியாமல் முன்னங்கால்களால் ஊர்கிறது. சுண்ணாம்புக்கு மட்டும் குணப்படாத இத்தகைய பசுவின் ரத்தத்தைச் சோதிக்கையில் பாஸ்பரக் குறைவு தெரியவருவதுண்டு.

வேறொரு அடையாளமும் உண்டு. பாஸ்பரம் மிகத் தாழ்ந்துவிட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, மூத்திரம் காப்பி நிறமாகவோ சிவப்பாகவோ போகும். பீட் உண்ணும் பசுக்களில் இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. நம் நாட்டில் எருமைகளிடத்தில், சினை முதிர்ந்த சமயத்திலும் ஈன்ற சில வாரங்களிலும் இதைக் காண்கிறோம். உண்ணியால் வரும் ஜுரத்திலும் மூத்திரம் சிவக்குமாதலால், நிறத்தைக் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் முறை.

எலும்பு மென்ற மாடுகள்

பாஸ்பரக் குறைவின் கொடுமையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த சர் அர்னால்டு தைலர். அந்நாட்டு வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கால் விளங்காமல் விழுந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. விஷப்புல் என்று சிலரும் தொற்றுநோய் என்று சிலரும் எண்ணினர். தைலரும் அவருடைய உதவியாளர்களும் ஆராய்ந்து 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மையைக் கண்டார்கள். அம்மண்ணில் பாஸ்பரம் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. ஆகவே மாடுகளுக்கு எலும்பின்மேல் அடங்காத வேட்கை. செத்த பிராணிகளின் எலும்பை மென்றபோது அதில் வளர்ந்திருந்த கிருமியின் நஞ்சு உள்ளே சென்று மாடுகளைக் கொன்றது. எலும்புத்தூளைத் தீவனத்தோடு கொடுத்தவுடன் வேட்கை தணிந்தது, சாவு நின்றது, மாடுகள் வளர்ந்தன.

எலும்புத்தூள் பின்னர் உலகெங்கும் மாட்டுத் தீவனத்தில் இடம் பெற்றது. ஆனால் 1986-இல் பிரிட்டனில் மாட்டுப் பைத்திய நோய் கண்டறியப்பட்டு, இறைச்சி எலும்புத்தூள் கலந்த தீவனமே அதைப் பரப்பியது என்று தெரிந்தபின், அசைபோடும் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பது பல நாடுகளில் தடுக்கப்பட்டது. இன்று பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யப்படும் டைகால்சியம் பாஸ்பேட் என்னும் வெண்ணிறத் தூளே அதன் ஸ்தானத்தை வகிக்கிறது. அதில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு பாஸ்பரமும் அதைவிடச் சற்று அதிகமாகச் சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

ஒரு சிறு கணக்கு

எவ்வளவு கொடுப்பது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கைக்கணக்காகக் கொள்ளத்தக்கதே இது; சோதனைச் சாலையின் முடிவுக்கு ஏற்ப எண்கள் மாறும். ஒரு வற்றுப் பசு நாளொன்றுக்கு உலர்ந்த பொருள் கணக்கில் 8 கிலோ பீட்டும் 4 கிலோ பார்லி வைக்கோலும் உண்பதாக வைத்துக்கொள்வோம். பச்சையாக நிறுத்தால் கிழங்கு மட்டும் நாற்பது ஐம்பது கிலோ இருக்கும்.

பீட்டில் நூற்றுக்கு 0.15 பங்கு பாஸ்பரம் என்றால் 8 கிலோவில் 12 கிராம். வைக்கோலில் 0.1 பங்கு என்றால் 4 கிலோவில் 4 கிராம். மொத்த வரவு 16 கிராம். பசு உண்ணும் 12 கிலோவில் நூற்றுக்கு 0.2 பங்காவது வேண்டும் என்று கொண்டால் தேவை 24 கிராம். துண்டு விழுவது 8 கிராம். 50 கிராம் டைகால்சியம் பாஸ்பேட்டில் 9 கிராம் பாஸ்பரம் இருக்கிறது. ஆக, ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடித் தூள் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது.

இதே கணக்கில் வைக்கோலுக்குப் பதிலாக நல்ல புல்லைக் காற்றுப் புகாமல் பதனப்படுத்திய சைலேஜ் 4 கிலோ கொடுத்தால் என்ன ஆகும்? அதில் நூற்றுக்கு 0.3 பங்கு பாஸ்பரம் இருக்குமானால் 12 கிராம் கிடைக்கும். கிழங்கின் 12 கிராமோடு சேர்த்தால் 24 கிராம். வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. கிழங்கோடு எதைத் துணைத் தீவனமாகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே உப்பின் தேவை அமைகிறது என்பது இதனால் விளங்கும். விலைமலிவு என்று வைக்கோலைத் தேர்ந்தவர், மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதியை உப்புக்கு ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் அதைப் பசுவின் எலும்பு செலுத்தும்.

கொடுக்கும் விதம்

டைகால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. ஆகவே குடிநீர்த் தொட்டியில் போட்டால் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். சைலேஜின்மீதோ வைக்கோலின்மீதோ சீராகத் தூவுவதே வழக்கம். காய்ந்த வைக்கோலில் தூள் ஒட்டாமல் காற்றில் பறக்குமாதலால், தண்ணீரிலோ பாகிலோ குழைத்துத் தெளிப்பதும் உண்டு. எல்லாப் பசுக்களும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்படி தீவனத்தை நீளமாகப் பரப்பவேண்டும்; இல்லையேல் வலியது இரண்டு பங்கு தின்னும், எளியது வெறுங் கிழங்கோடு நிற்கும்.

தொட்டியில் உப்பை வைத்துவிட்டால் மாடு தனக்கு வேண்டிய அளவை அறிந்து நக்கிக்கொள்ளும் என்ற அபிப்பிராயம் பலரிடம் உண்டு. சாதாரண உப்பைப் பொறுத்தவரையில் இது ஓரளவு உண்மை. மற்றத் தாதுக்களில் அப்படியில்லை. ஒரு பசு ருசிக்காக மிகுதியாக நக்கும். மற்றொன்று அருகேகூட வராது. ஆகவே அளந்து கொடுப்பதே மேல்.

சுண்ணாம்பும் மக்னீசியமும்

பாஸ்பரத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. பசுவின் ரத்த நீரில் எந்த நேரத்திலும் சுமார் மூன்று கிராம் சுண்ணாம்புச் சத்துதான் இருக்கிறது. சீம்பாலிலோ லிட்டருக்கு இரண்டு கிராமுக்குக் குறையாமல் வெளியேறுகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்பை உடனுக்குடன் எடுத்துத் தரும் ஏற்பாடு விழித்திருந்தால்தான் பசு பிழைக்கும். அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதற்கு மக்னீசியம் அவசியம். ஆகையால் நியூஸிலாந்தில் கன்று ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே குடிநீரில் மக்னீசியம் குளோரைடு கரைத்தோ, தீவனத்தின்மீது மக்னீசியம் ஆக்ஸைடு தூவியோ கொடுக்கிறார்கள்.

சுண்ணாம்புத்தூள் கொடுப்பதற்கு மட்டும் காலம் உண்டு. ஈன்றபின் கொடுப்பது நன்மை. ஈனுவதற்கு முந்திய வாரங்களில் மிகுதியாகக் கொடுத்தால், வெளியிலிருந்து தாராளமாக வருவதைக் கண்டு எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடு உறங்கிவிடும். ஈன்ற அன்று பால் ஜுரம் வரும் வாய்ப்பு அதிகப்படும். பாஸ்பரத்தையும் அச்சமயம் அளவுக்கு மீறிக் கொடுப்பது இதே தீங்கை விளைவிக்கும். இக்காரணத்தால் குளிர்கால நடுவில் டைகால்சியம் பாஸ்பேட்டை ஒழுங்காகக் கொடுத்துக் கையிருப்பைக் காத்துக்கொண்டு, ஈனும் தறுவாயில் மருத்துவரின் யோசனைப்படி அளவை மாற்றுவதே விவேகம்.

நுண் தாதுக்கள்

மிகச் சிறிதளவே வேண்டிய தாமிரம், அயோடின், செலினியம், கோபால்ட் ஆகியவையும் பீட் கிழங்கில் போதிய அளவு இருப்பதில்லை. நியூஸிலாந்து மண்ணே இவற்றில் சிலவற்றுக்கு வறுமையுற்றது. அங்கே மனிதர்களுக்கே கழுத்துக் கழலை பரவலாக இருந்ததால் 1924-இல் அயோடின் சேர்த்த உப்பு விற்பனைக்கு வந்தது. வட தீவின் எரிமலைச் சாம்பல் நிலங்களில், பச்சைப் புல் நடுவே நின்ற மாடுகளும் ஆடுகளும் காரணம் தெரியாமல் மெலிந்து மடிந்தன. 1930-க்குப் பிந்திய ஆராய்ச்சிகளில் அது கோபால்ட் குறைவு என்று தெளிவாயிற்று. பெருவயிற்று நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டே பி-12 வைட்டமினை உண்டாக்குகின்றன.

வளரும் கிடேரிகளுக்குத் தாமிரமும் புரதமும் குறைந்தால் எலும்பு உறுதிப்படுவதில்லை. அங்கே தலையீற்றுக் கிடேரிகளுக்குத் தோள் எலும்பு முறிவது அண்மைக் காலத்தில் பெருங் கவலையாகியிருக்கிறது. தாமிரக் குறைவையும் வளரும் பருவத்துத் தீவனக் குறைவையும் அதற்குக் காரணங்களாகக் கருதுகிறார்கள். ஆதலால் இளங்கன்றுகளைக் கிழங்கை மட்டும் நம்பி வளர்ப்பது கூடாது. அதே சமயம் தாமிரமும் செலினியமும் மிகுந்தால் நஞ்சாகும். ரத்தத்தையும் ஈரலையும் சோதித்து அளவறிந்து கொடுக்கவேண்டியவை இவை. அண்டை வீட்டுக்காரர் கொடுத்தார் என்று கொடுக்கத்தக்கவை அல்ல.

உப்பு தீர்க்காத குறை

எத்தனை உப்புக் கொடுத்தாலும் தீராத ஓர் ஆபத்தும் பீட்டில் உண்டு. பழக்கமில்லாத பசு ஒரே நாளில் வயிறு நிறையக் கிழங்கைத் தின்றால், அத்தனை சர்க்கரையும் பெருவயிற்றில் புளித்து அமிலமாகிப் பசுவைக் கொன்றுவிடும். ஆகவே முதல் நாள் உலர்ந்த பொருள் கணக்கில் ஒன்று அல்லது இரண்டு கிலோ மட்டும் கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒரு கிலோவாக ஏற்றி, இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வருகிறார்கள். கிழங்குக்கு முன் வைக்கோலையோ சைலேஜையோ கொடுக்கிறார்கள். வேலி அறுந்து மந்தை உள்ளே புகுந்தால் ஒரே இரவில் பேரிழப்பு நேரும்.

நமக்கு என்ன பயன்?

இந்தியாவில் ஜோத்பூரிலுள்ள மத்திய வறள் மண்டல ஆராய்ச்சி நிலையம், உவர் நீரிலும் விளையும் தன்மை பற்றித் தீவன பீட்டை ராஜஸ்தானத்து விவசாயிகளிடம் பரப்ப முயன்றிருக்கிறது. நம் பக்கத்துப் பசுக்கள் பீட் மேய்வதில்லை. ஆயினும் நெல் வைக்கோல் மேய்கின்றன. வைக்கோலிலும் பாஸ்பரம் குறைவு. அதிலும் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. வைக்கோலை மட்டும் நிறையப் போட்டுப் பசுவின் வயிற்றைத் தடவி மகிழ்வோமானால், நாம் செய்வதும் வெறுங் கிழங்கு கொடுப்பதற்கு ஒப்பானதே.

நல்ல வேளையாக நம்மிடம் தவிடு இருக்கிறது. அரிசித் தவிடு பாஸ்பரம் நிறைந்தது. பாஸ்பரம் அகத்தியிலும் சவுண்டலிலும் சுமாரே. ஆனால் சுண்ணாம்புச் சத்து அவற்றில் மிகுதி. வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, தழை என்று நம் முன்னோர் கலந்து கொடுத்த வழக்கத்தில் இந்தக் கணக்கு ஒருவாறு அடங்கியிருந்தது. தழைக்கு இடமில்லாமலும் தவிட்டின் விலை ஏறியும் அவ்வழக்கம் குன்றிய வீடுகளிலும், அதிகம் கறக்கும் கலப்பினப் பசு உள்ள வீடுகளிலும் தாது உப்புக் கலவை தேவைப்படுகிறது. நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை, தவிட்டிலோ கலப்புத் தீவனத்திலோ பிசைந்து கொடுக்கலாம். சென்னையிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இத்தகைய கலவை தயாரிக்கிறது.

ஒரு வீட்டார் தனியே வாங்கினால் சில்லறை விலை, தரமும் நிச்சயமில்லை. சங்கத்தின் மூலம் அங்கத்தினர்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் விலையும் தணியும். பையின்மேல் அச்சிட்ட அளவுகளைச் செயலாளர் சரிபார்த்து வாங்கவும் முடியும். சினைப் பசு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் ஈனும் மாதத்தைச் சங்கத்தில் குறித்து வைத்தால், கால்நடை மருத்துவர் வரும் நாளில் எல்லாவற்றையும் ஒருங்கே காட்டிவிடலாம்.

பசு வாய் திறந்து கேட்பதில்லை. கந்தலை மெல்லுகிறது, எலும்பைத் தேடுகிறது, இறுதியில் ஈன்ற இடத்தில் படுத்துவிடுகிறது. படுத்த பசுவுக்கு ஆகும் செலவைக் காட்டிலும் ஒரு கைப்பிடி உப்பின் செலவு மிகச் சிறிது. அடுத்த முறை நம் வீட்டுப் பசு பாவை மெல்ல வந்தால், விரட்டியபின் அதன் தீவனத் தொட்டியையும் ஒரு முறை பார்ப்போமாக.